அம்மாவுக்குக் கெமோமில் டீ: முதலில் அந்த வார்ஃபரினைப் பாருங்கள்

வணக்கம். அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை, ஜெர்மனியிலிருந்து தம்பி அனுப்பிய கெமோமில் பூவை டீ போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்!

இதய டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கெமோமில் வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடக்கூடும். கனடாவில் வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர், சளித் தொந்தரவுக்காக இந்த டீயைக் குடித்ததோடு கெமோமில் லோஷனும் பூசிக்கொண்டார். உடலுக்குள் ரத்தம் கசிந்து மருத்துவமனையில் சேர்ந்தார். 2006இல் மருத்துவ இதழிலேயே வந்த விஷயம். அம்மா ஏற்கெனவே குடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு இது பெரிய மருந்தும் இல்லை. ஐரோப்பாவில் வயிற்று உப்புசத்துக்கும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கவும், சளிக்கு ஆவி பிடிக்கவும்தான் வீடுகளில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பதற்றம் கொஞ்சம் தணியும். தூக்கத்துக்கான ஆதாரம் சுமார்தான்.

சரி, பொட்டலம் வீணாக வேண்டாம், நீங்கள் குடியுங்கள். ஒரு கப் கொதிநீரில் ஒரு ஸ்பூன் பூ, மேலே தட்டு போட்டுப் பத்து நிமிடம். மூடாவிட்டால் அந்த ஆப்பிள் வாசனைத் தைலம் ஆவியோடு போய்விடும். சாமந்திப் பூ பட்டால் தும்மல், அரிப்பு வருமென்றால் நீங்களும் தொடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்.