எந்தக் கிழமை சாப்பிடுகிறீர்கள்?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) சேர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். 'மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆறு வருஷப் படிப்பா?' என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை அம்மா. அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற நாள் வரை நோயாளிகளுக்கு நான் 'கம்பவுண்டர்'தான்.

ஒரு நாள் கவுன்டருக்கு ஒரு பாட்டி வந்தார். மூட்டுவாதத்துக்கு வெளியே வாங்கிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் வெறும் அட்டையை நீட்டி, "தீர்ந்துபோச்சு தம்பி, இங்கே கிடைக்குமா?" என்றார். பத்து மாத்திரை அட்டை. வாரத்துக்கு ஒன்று போடுவது, பத்து வாரம் வர வேண்டியது. "எந்தக் கிழமை சாப்பிடுறீங்க பாட்டி?" என்று கேட்டேன். "கிழமையா? தினம் ராத்திரி ஒண்ணு." வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. வாயெல்லாம் புண், ரசம் சோறுகூட இறங்கவில்லை. சீட்டில் டாக்டர் வாரம் ஒரு முறை என்று ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தார். கடையில் எடுத்துக் கொடுத்த பையன் வழக்கம்போல 'ராத்திரி ஒண்ணு' என்று சொல்லி அனுப்பிவிட்டான். உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு சரிந்திருந்தது. வார்டில் சேர்த்தார்கள், நல்லவேளை பிழைத்துக்கொண்டார்.

அந்த 'எந்தக் கிழமை' என்ற கேள்வியை எனக்கு யாரும் படிப்பில் சொல்லித் தரவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் மகளுக்கு அதையே பாடமாக நடத்துவார்கள். 2008-இல் வந்த ஃபார்ம்.டி.யில் ஐந்து வருடம் படிப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. டாக்டரோடு வார்டு சுற்றி, எந்த மருந்து எதோடு மோதுகிறது, சிறுநீரகம் கெட்டவருக்கு அளவை எவ்வளவு குறைப்பது என்று பார்க்க வேண்டும். மருந்து தயாரிப்பு, ஆராய்ச்சி என்று போக ஆசையென்றால் நான்கு வருட பி.ஃபார்ம் போதும். சொந்தமாக மருந்துக்கடை வைக்க டி.ஃபார்ம் என்ற டிப்ளமோவே போதும்.

வேலை? மறைக்க மாட்டேன். இந்தப் படிப்புக்கென்று ஆஸ்பத்திரிகளில் இடம் இன்னும் குறைவு. பலர் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் கம்பெனிகளுக்குப் போய்விடுகிறார்கள். நோயாளிக்கு மருந்தாளுநர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015 விதிமுறையே இருக்கிறது. கூட்டம் நெருக்கும் கடையில் அதை யார் பார்க்கிறார்கள்?

சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஃபார்ம்.டி. நடத்தும் கல்லூரிக்கு 300 படுக்கை ஆஸ்பத்திரித் தொடர்பு இருக்க வேண்டும். காலையில் அந்த வார்டுக்கே போய், மாணவர்கள் நோயாளி பக்கத்தில் நிற்கிறார்களா, கேன்டீனில் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே போடலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. தைராய்டு மாத்திரையை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் கால்சியம் தடுத்துவிடும், இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியத்துக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.