டேப் மாற்ற ஆல்ட் + அம்புக்குறி வேண்டாம்

நீங்கள் க்யூடியில் (பல இயங்குதளங்களுக்கும் செயலி எழுத உதவும் கருவித்தொகுப்பு) எழுதும் எடிட்டரில் டேப் மாற்ற ஆல்ட்டுடன் இடது, வலது அம்புக்குறிகளை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மேக்கில் அதே சேர்க்கை கர்சரை ஒரு சொல் தாண்ட வைக்கும். எடிட்டரில் போய் அதைப் பறித்தால் திட்டு நிச்சயம்.

கன்ட்ரோல்+டேப்பையே வையுங்கள். எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி. விஎஸ் கோட் எடிட்டர் கடைசியாகப் பார்த்த வரிசையில் போகும்; எடிட்டருக்கு அதுதான் சரி, இரண்டு கோப்புகளுக்கிடையே தாவுவதுதானே முக்கால்வாசி வேலை. ஆனால் கன்ட்ரோலிலிருந்து விரலை எடுக்கும்வரை அந்த வரிசையைக் கலைக்காதீர்கள். கலைத்தால் எத்தனை முறை தட்டினாலும் அதே இரண்டு டேப்களுக்குள்தான் சுற்றும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நகர கன்ட்ரோல்+பேஜ் அப், பேஜ் டவுன் கொடுத்துவிடுங்கள்.

க்யூடியில் ஒரு வம்பு உண்டு. கன்ட்ரோல் என்று எழுதினால் மேக்கில் அது கமாண்ட் ஆகிவிடும். கமாண்ட்+டேப் சிஸ்டத்துக்குச் சொந்தம், உங்கள் கைக்கு வராது. மேக்குக்கு மட்டும் மெட்டா என்று எழுதுங்கள்; அங்கே க்யூடி அதைத்தான் கன்ட்ரோல் விசையாக எடுத்துக்கொள்ளும்.

கன்ட்ரோல்+ஆல்ட்+எழுத்து பக்கமே போகாதீர்கள். விண்டோஸில் அது ஆல்ட்ஜிஆருக்கு (கூடுதல் குறிகளை அடிக்க உதவும் வலப்பக்க ஆல்ட் விசை) சமம். ஜெர்மன் விசைப்பலகைக்காரர் க்யூ எழுத்தோடு அதைச் சேர்த்துத்தான் @ அடிக்கிறார்.