மெலிந்த உடல்வாகு உள்ளவர் துப்பாக்கி உறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் மெலிந்த உடல்வாகு கொண்டவருக்கு எந்த உறை பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒல்லியான இடுப்பில் சட்டைக்கு மேல் துருத்திக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழலன்று, கைப்பிடியே. ஆகவே கால்சட்டைக்குள் அணியும் உறையில், பெல்ட்டின் உட்புறத்தில் அழுந்திக் கைப்பிடியை உடலை நோக்கித் திருப்பும் 'கிளா' என்னும் சிறு துண்டு இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உறையில் குழல்முனைப் பக்கம் ஒட்டப்படும் மென்மையான ஆப்பு, கைப்பிடியை வயிற்றோடு சாய்க்கும். கிளாக் 43 போன்ற, சுமார் ஓர் அங்குலத் தடிமனுள்ள துப்பாக்கியும் விறைப்பான பெல்ட்டும் உதவும். இடுப்பெலும்பில் கடினமான உறை உறுத்துவதால் மெல்லிய துணி உறையை நாடுவோர் உண்டு. தயவுசெய்து அதைத் தவிருங்கள். சுடும் விசையை முழுவதும் மூடி, துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் மடங்காதிருக்கும் கைடெக்ஸ் என்னும் கடினமான பிளாஸ்டிக் உறையே பாதுகாப்பானது. ஏனெனில் திரும்பச் செருகும்போது மடங்கிய விளிம்போ சட்டை நுனியோ விசையில் சிக்கினால் குண்டு உங்கள் தொடையிலேயே பாயக்கூடும்.