‘ஐ ஃபீல் கம்பெல்ட் டு’ எந்த இடத்தில் வரும்?

நல்லூர்ப் பக்கத்துக் குளத்தில் பிளாஸ்டிக் கொட்டுகிறார்கள் என்று மாநகரசபைக்கு ஆங்கிலத்தில் எழுதப்போகிறீர்கள். ‘எழுதாமல் இருக்க மனம் கேக்கேல்லை’ என்பதற்கு ‘ஐ ஆம் கம்பெல்ட் டு ரைட்’ சரியா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசிக்கிற அலுவலர், யாரோ நெருக்கி எழுத வைத்ததாக நினைக்கக்கூடும். உங்களை உந்துவது உங்கட மனச்சாட்சிதானே? அப்ப ‘ஐ ஃபீல் கம்பெல்ட் டு ரைட்’ என்றே எழுதுங்கோ.

‘டு’வுக்குப் பிறகு வெறும் வினைதான்: ரைட், ஸ்பீக், ஆக்ட். ‘டு ரைட்டிங்’ வராது. எங்கட பிள்ளைகள் தடுமாறுகிற இன்னொன்று ‘ஐ ஃபீல் கம்பெல்லிங்’. கம்பெல்லிங் என்பது, தட்டிக்கழிக்க முடியாத வாதத்துக்கோ ஆளைக் கட்டிப்போடும் கதைக்கோ சொல்வது. உங்கட மனநிலைக்குப் பொருந்தாது.

நடந்துமுடிந்ததற்கு ‘ஃபெல்ட்’. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபின் புத்தகம் கொடுத்தவர்களைப் பற்றி ‘மெனி ஃபெல்ட் கம்பெல்ட் டு டொனேட் புக்ஸ்’ எனலாம். அந்தளவு கனமான தொடர் இது. தேத்தண்ணி குடிக்க வேணும்போல இருந்தால் ‘ஐ ஃபீல் லைக் ஹேவிங் டீ’ போதும்.

செய்ந்நன்றியோ கடமையோ உங்களைக் கட்டினால் ‘ஃபீல் ஒப்லைஜ்ட் டு’ பொருத்தம். சிரிப்பை அடக்கேலாமல் போனால் ‘கான்ட் ஹெல்ப் லாஃபிங்’. ‘ஃபீல் லைக்’ போலவே அதிலும் ‘டு’ இல்லை, ‘இங்’ வரும்.

உங்கட கடிதத்தை இப்படித் தொடங்குங்கோ: ‘ஆஸ் எ ரெசிடென்ட் ஆஃப் நல்லூர், ஐ ஃபீல் கம்பெல்ட் டு ரைட் அபௌட் திஸ் பாண்ட்.’ அடுத்த வரியிலேயே குளத்தின் பெயரையும் குப்பை கொட்டுகிற நேரத்தையும் போட்டுவிடுங்கோ.