டர்பைன் வாங்குகிறீர்களா? முதலில் டிரிப்பைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு சிறிய காகித ஆலை நடத்துகிறோம். பாய்லர் நீராவியின் அழுத்தத்தை வால்வு வைத்துக் குறைத்துத்தான் காகிதம் உலர்த்தும் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறோம். அந்த அழுத்தம் வீணாவதற்குப் பதில் ஒரு பேக் பிரஷர் டர்பைன் வைத்துக் கரண்ட் எடுக்கலாம் என்று யோசனை. மூடிப்போன ஓர் ஆலையின் பழைய டர்பைன் விலைக்கு வந்திருக்கிறது. 6000 ஆர்.பி.எம்., கியர்பாக்ஸ் வழியாக ஜெனரேட்டர். "வேகம் மீறினால் தானாக நிறுத்தும் டிரிப் இருக்கு சார், நல்ல கண்டிஷன்" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து நம்புவது?

பதில்: வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். டிரிப் விழுவதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஓடுகிற டர்பைனைப் பிடித்து வைத்திருப்பது ஜெனரேட்டரின் லோடு. பிரேக்கர் திடீரென்று விழுந்தால் லோடு அந்த நொடியே போய்விடும். ஆனால் நீராவிக்கு அது தெரியாது; அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது வேகம் ஏறாமல் நீராவியைக் குறைக்க வேண்டியது கவர்னரின் வேலை. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எந்திரத்தில் சுழலும் இரும்புக் குண்டுகள் கொண்ட கவர்னரைப் பொருத்திய காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. சரி, கவர்னரே சிக்கிக்கொண்டால்? அதற்குத்தான் டிரிப். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய. கவர்னர் தினமும் வண்டி ஓட்டுகிற டிரைவர் என்றால், டிரிப் வருடம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்து ஒரே ஒரு நாள் பிரேக் போடுகிற ஆள். வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்தவர் அந்த ஒரு நாளில் எழுந்திருப்பாரா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம்.

பழைய டர்பைன்களில் டிரிப்பின் அமைப்பு எளிமையானது. ஷாஃப்டின் முனையில் ஒரு சின்ன போல்ட், ஸ்பிரிங் பிடியில் உள்ளடங்கி இருக்கும். அதன் எடை ஒரு பக்கம் சற்றே தள்ளியிருக்கும். குறித்த வேகம் தாண்டியதும் ஸ்பிரிங்கை மீறி வெளியே துருத்தி, பக்கத்தில் காத்திருக்கும் லீவரைத் தட்டும். லீவர் தட்டினால் வால்வைத் திறந்து பிடித்திருக்கும் கொக்கி விடும், கொக்கி விட்டால் நீராவியை அடைக்கும் ஸ்டாப் வால்வு ஸ்பிரிங் வேகத்தில் மூடிக்கொள்ளும். நல்ல கவர்னர் உள்ள டர்பைனுக்கு வழக்கமான டிரிப் அளவு 110 சதவீதம். உங்களுடையதில் 6600. நெமா (அமெரிக்க மின்கருவித் தயாரிப்பாளர் சங்கம்) தர வரிசையில் 'ஏ' வகை எனப்படும் சாதாரண கவர்னர் என்றால் 115 சதவீதம், அதாவது 6900 வரை அனுமதி உண்டு. எந்த அளவு என்பது டர்பைனின் தகட்டிலோ கையேட்டிலோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் விலை பேசுவதையே நிறுத்தி வையுங்கள்.

பத்து சதவீதம்தானே என்று தோன்றும். மையத்திலிருந்து விலக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் சுழலும் பாகமான ரோட்டரின் மேல் விழும் பாரம் 21 சதவீதம் கூடும். வேகம் ஒன்றரை மடங்கானால் பாரம் இரண்டேகால் மடங்கு.

இனி சோதனைக்கு வருவோம். பழைய ஆலையில் நீராவி இல்லை என்றாலும் பாதி வேலையை அங்கேயே முடிக்கலாம். கொக்கியை மாட்டி வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு கையால் டிரிப் லீவரைத் தட்டுங்கள். வால்வு "டப்" என்று ஒரே மூச்சில் மூட வேண்டும். மெல்ல இறங்கினாலோ, பாதியில் நின்றாலோ, ஃபிட்டர் ஓடிவந்து சுத்தியலால் தட்டிவிட்டாலோ, வால்வின் தண்டான ஸ்பிண்டிலில் உப்புப் படிவம் பிடித்திருக்கிறது என்று பொருள். பாய்லர் தண்ணீரைச் சரியாகப் பார்க்காத இடங்களில் இது சர்வ சாதாரணம். கொக்கியின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்ந்து உருண்டிருந்தால் வேண்டாதபோது விழும். யாராவது அதை அரம் போட்டுச் சரிசெய்த தடம் இருந்தால் வேண்டியபோது விழாது. அப்புறம் லீவரைச் சுற்றிக் கட்டுக்கம்பி இருந்த அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். நான் ஷிப்ட் பார்த்த காலத்தில் ஓர் ஆலையில் டிரிப் லீவரைக் கம்பியால் கட்டியே வைத்திருந்தார்கள். "ராத்திரியில சும்மா சும்மா விழுந்து தொல்லை குடுத்துச்சு சார்" என்றார் ஆபரேட்டர். எத்தனை மாதமாக என்று கேட்டேன். அவர் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.

மீதிப் பாதி உங்கள் ஆலையில், நீராவியில். டர்பைனைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு டர்பைனைத் தனியாக ஓட்ட வேண்டும். வழக்கமான வேகத்தில் முதலில் கையால் டிரிப் செய்து, ரோட்டர் வேகம் விடாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். லோடு இல்லாத ரோட்டரைச் சுழற்ற மிகக் கொஞ்ச நீராவியே போதும். மூடிய வால்வு கசிந்தால்கூட அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இது சரி என்று தெரிந்த பிறகே கவர்னரைத் தாண்டி வேகத்தை மெல்ல ஏற்றி, டிரிப் எந்த ஆர்.பி.எம்.மில் விழுகிறது என்று குறிக்க வேண்டும். மூன்று முறை செய்து, மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். 6600, 6750, 6480 என்று அலைந்தால் போல்ட்டோ ஸ்பிரிங்கோ கெட்டிருக்கிறது. 6600-இல் விழ வேண்டியது 6750 வந்தும் விழவில்லை என்றால் மேலே ஏற்றாமல் கையால் நிறுத்திவிடுங்கள். சோதனை நேரத்தில் ரோட்டர் சுழலும் தளத்துக்கு நேராக ஒருவரும் நிற்கக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் செய்கிற வேலை இல்லை இது, டர்பைன் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு முன்பே ரோட்டரைத் திறந்து, தட்டுகளிலும் பிளேடு வேர்களிலும் விரிசல் இருக்கிறதா என்று சாயமோ காந்தத் துகளோ வைத்துப் பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் 'ஏ' மின்நிலையத்தில் 1969 செப்டம்பரில் நடந்தது இதற்குப் பாடம். 3000 ஆர்.பி.எம். டர்பைன் ஒன்றை ஓவர்ஸ்பீடு சோதனைக்காக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 3200-ஐ ஒட்டிய வேகத்திலேயே ஒரு தட்டு வெடித்துச் சிதறியது. டிரிப் அளவுக்குப் போகவே இல்லை. தட்டை ஷாஃப்டோடு பூட்டும் சாவி (கீ) பொருந்தும் பள்ளத்தில் அரிப்பால் வந்த விரிசல் உள்ளே உட்கார்ந்திருந்தது. மூடிய ஆலையில் ஈரம் குடித்துக் கிடந்த ரோட்டரை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அதே டர்பைனுக்கு "போல்ட் டிரிப்பையெல்லாம் எடுத்துப் போட்டுடலாம், எலக்ட்ரானிக் மாட்டுங்க, அதான் இப்ப ஸ்டாண்டர்டு" என்று இன்னொருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த எலக்ட்ரானிக் பெட்டி நல்ல பெட்டிதான். பல் சக்கரத்துக்கு எதிரே மூன்று சென்சார்கள். மூன்றில் இரண்டு "வேகம் மீறிவிட்டது" என்றால் டிரிப். ஒரு சென்சார் கெட்டால் ஆலை நிற்காது, ஒரு சென்சார் பொய் சொன்னாலும் நிற்காது. பெரிய டர்பைன்களில் இந்த முறைதான் நிலைபெற்றுவிட்டது. டர்பைனை அந்த வேகத்துக்கு ஏற்றாமலே பெட்டியின் கணக்கைச் சோதிக்கலாம் என்பதும் பெரிய வசதி.

கொட்டேஷனில் ஒற்றைச் சென்சாரா, மூன்றா என்று பாருங்கள். கவர்னருக்குப் போகிற அதே சென்சாரையும் அதே பெட்டியையும் டிரிப்புக்கும் காட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலக்ட்ரானிக் கவர்னர்களுக்குள்ளேயே ஓவர்ஸ்பீடு வசதி இருக்கும், அதைக் காட்டிக் காசு மிச்சம் என்பார்கள். டிரைவர் தூங்கினால் பிரேக் போட வந்தவரும் அதே டிரைவர்தான் என்றால் என்ன பயன்? கவர்னர் தயாரிப்பாளர்களே, தங்கள் கருவியோடு சம்பந்தமில்லாத தனி டிரிப் வேண்டும் என்று கையேட்டில் எச்சரிக்கிறார்கள். அடுத்தது, பெட்டியின் உத்தரவை நிறைவேற்றும் மின்காந்த வால்வான சோலினாய்டு வால்வு கரண்ட் போனால் டிரிப் ஆகிற வகையா, கரண்ட் வந்தால்தான் டிரிப் ஆகிற வகையா? முதல் வகையில் ஒயர் அறுந்தாலும் டர்பைன் நிற்கும், இரண்டாம் வகையில் ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது.

ஆனால் பெட்டி வெறும் மூளைதான், கை இன்னும் அந்தப் பழைய வால்வுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேலம் (நம்ம சேலம் இல்லை) என்ற பெயரில் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டாவது அலகின் 1800 ஆர்.பி.எம். டர்பைன் 1991 நவம்பர் 9 அன்று 2900 வரை பறந்து சிதறியது. பிளேடுகள் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் தீப்பிடித்தது. அங்கே ஒரு சோலினாய்டு இல்லை, ஒன்றுக்கு ஒன்று துணையாகப் பல இருந்தன. எண்ணெய்க் கசடும் துருவும் சேர்ந்து அவை எல்லாமே ஒட்டிக்கொண்டு அசையவில்லை. ஒரே எண்ணெயில் ஊறி, ஒரே அலட்சியத்தில் கிடந்தவை ஒன்றாகத்தானே சிக்கும்? வேகம் 1.6 மடங்கு என்றால் ரோட்டரின் பாரம் இரண்டரை மடங்கு.

அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் ஸ்டாப் வால்வுக்குச் செலவழியுங்கள். கழற்றி, ஸ்பிண்டிலையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, கவர்னர் வால்விலிருந்து அது தனியாக இருப்பதையும் உறுதி செய்யுங்கள். மிச்சம் இருந்தால் பெட்டி. போல்ட்டை எடுத்துப் போடுகிற பேச்சு மூன்று சென்சார் பெட்டி சில மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு வரட்டும். பின்னாளில் நடுவிலிருந்து நீராவி எடுக்கிற வகை டர்பைன் வாங்கினால், அந்தக் குழாயில் நீராவி திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் வால்வு மூடினாலும் நீராவி சேரும் பொதுக் குழாயான ஹெட்டரிலிருந்து நீராவி பின்பக்கமாக வந்து சுழற்றும்.

கேள்வி: வாங்கிய பிறகு டிரிப் வேலை செய்யவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? பாய்லர் சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போக முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் இல்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குகிறவருக்கு விலக்கு உண்டு, ஆனால் காகித ஆலைக்கு அது பொருந்தாது. உங்களுக்குக் கைகொடுப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் நீங்கள் எழுதும் பர்ச்சேஸ் ஆர்டரும்தான். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அதற்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. எனவே ஆர்டரில் "நல்ல கண்டிஷன்" என்று எழுதாதீர்கள். "கப்ளிங் கழற்றிய நிலையில் மூன்று ஓவர்ஸ்பீடு சோதனை, டிரிப் வேகம் இன்ன அளவு, தேறிய பிறகே கடைசித் தவணை" என்று எழுதுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி போட்டு விற்கிறவரிடம் அந்தத் தவணை இன்னும் பெரிதாக இருக்கட்டும். பாய்லர் சான்றிதழ் பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் பற்றியது. டர்பைன் டிரிப்புக்கு அது சாட்சி சொல்லாது.

கேள்வி: குன்னூர் பக்கம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தாத்தா காலத்து நீராவி எஞ்சின் ஒன்று கிடக்கிறது. படுக்கை வாட்டு, ஒரே சிலிண்டர், எட்டடி ஃப்ளைவீல், பெல்ட்டில் ஓடும் கவர்னர். சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டிக் காட்ட ஆசை. இதற்கெல்லாம் ஆட்டோமேட்டிக் டிரிப் கிடைக்குமா?

பதில்: நல்ல ஆசை. பயப்பட வேண்டியது அந்த பெல்ட்டைப் பார்த்துத்தான். எஞ்சின் வேகமாக ஓடினால் கவர்னரின் குண்டுகள் விரிந்து நீராவி குறையும், மெதுவானால் குண்டுகள் இறங்கி நீராவி கூடும். பெல்ட் அறுந்தாலோ நழுவினாலோ குண்டுகள் அடியில் விழுந்துவிடும். "எஞ்சின் நின்றுபோச்சு போல" என்று நினைத்து கவர்னர் நீராவியை முழுசாகத் திறந்துவிடும். பாதுகாக்க வந்ததே கழுத்தைப் பிடிக்கும். அந்தக் காலத்துக்காரர்களுக்கு இது தெரியும். சில எஞ்சின்களில் பெல்ட்டின் மேல் ஒரு சிறு உருளை உட்கார்ந்திருக்கும். பெல்ட் போனால் உருளை விழுந்து நீராவியை மூடும். அமெரிக்காவின் கார்லிஸ் வகை எஞ்சின்களில் இன்னும் அழகான ஏற்பாடு. குண்டுகள் ஒரேயடியாகக் கீழே இறங்கினால் வால்வைத் தூக்கும் கொக்கியே மாட்டாது. கிளப்பும்போது மட்டும் குண்டுகளை ஒரு பின் வைத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். ஓட ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

உங்கள் எஞ்சினில் அப்படி உருளை, நெம்புகோல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் கூட ஒளிந்திருக்கும். இல்லையென்றால் புதிய டிரிப் தேடி அலைய வேண்டாம். காட்சிக்குத்தானே? பல அருங்காட்சியகங்களில் செய்வதுபோலக் குறைந்த அழுத்தக் காற்றில் ஓட்டுங்கள். சின்ன கம்ப்ரசர், மெல்லிய குழாய், கைக்கு எட்டும் தூரத்தில் கால்வாசி திருப்பினாலே மூடும் ஒரு வால்வு. இவ்வளவு கொஞ்சமாகக் காற்று வந்தால் எஞ்சின் தறிகெட்டு ஓட வழியில்லை. காற்றில் ஓடும் எஞ்சினுக்குப் புகை வராது, பயணிகள் கொஞ்சம் ஏமாறுவார்கள், பரவாயில்லை.

காற்றானாலும் ஃப்ளைவீலைப் பார்க்காமல் சுற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலின் விளிம்பு வேகம் விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய கைக்கணக்கு. எட்டடி என்றால் ஏறக்குறைய 2.4 மீட்டர் விட்டம். நிமிடத்துக்கு 240 சுற்றில் அந்த எல்லை வந்துவிடும். அதுவும் புதுச் சக்கரத்துக்குச் சொன்னது. ஆரக்கால்களின் வேரையும் விளிம்பின் இணைப்புகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, ஓட்டைப் பானை போலச் சத்தம் வந்தால் சுற்றாமல் வைத்தே காட்டுங்கள். 1948-ஆம் ஆண்டின் பழைய தொழிற்சாலைச் சட்டம் 30-ஆவது பிரிவில் சுழலும் பாகங்களின் பாதுகாப்பான விளிம்பு வேகத்தைப் பேசும்போது ஃப்ளைவீலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது சும்மா இல்லை.

கேள்வி: சர்க்கரை ஆலையில் வேலை. எங்கள் டர்பைன் மாதம் இரண்டு முறை காரணமில்லாமல் டிரிப் ஆகிறது. ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. விழுந்த நேரத்து ஆர்.பி.எம். என்ன என்று முதலில் எழுதி வையுங்கள். வேகம் நிஜமாகவே ஏறியிருந்தால் குற்றம் கவர்னரில். ஏறாமல் விழுந்திருந்தால் கொக்கி விளிம்பின் தேய்மானம், அதிர்வு, தளர்ந்த ஸ்பிரிங், இந்த மூன்றில் ஒன்று. அரவை சீசன் முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். அதுவரை யார் கையிலும் கட்டுக்கம்பி கொடுக்காதீர்கள்.