வெளியீட்டு இரவில் சர்வர் ஏன் விழுகிறது? கேள்வி பதில்

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் ஆடுபவர் கண்ணில் படாத பகுதிகள் சில உண்டு: லாகின், தரவுத்தளம், எதிராளியைக் கோத்துவிடும் பகுதி. அங்கே பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மூன்று வெளியீட்டு இரவுகளில் அந்த அறைக்குள் இருந்திருக்கிறேன். ஒன்று நன்றாகப் போனது, ஒன்று தப்பிப் பிழைத்தது, ஒன்று இன்னும் கனவில் வருகிறது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்றும் கேட்காதீர்கள்; அதை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். மற்றதைக் கேளுங்கள்.

இரவுப்பறவை: ஐயா, முன்பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று நிறுவனத்துக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் முதல் நாளே சர்வர் படுத்துவிடுகிறதே! சோதித்தே பார்க்க மாட்டார்களா?

சோதிப்பார்கள். நாங்களும் சோதித்தோம். ஒன்றரை லட்சம் போலி ஆட்டக்காரர்களை நிரல் எழுதி உருவாக்கி உள்ளே அனுப்பினோம். எல்லாரும் சமர்த்தாக நுழைந்தார்கள், சமர்த்தாக ஆடினார்கள். நாங்களும் நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

வெளியீட்டு இரவில் கதவு திறந்த நான்காவது நிமிடம் லாகின் நின்றுபோனது. காரணம் சிரிப்பை வரவழைக்கும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்படும் வேலை. கடவுச்சொல் பட்டியல் திருடுபோனாலும், திருடியவன் நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க முடியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சரிபார்ப்பும் சர்வரின் ப்ராசசரைச் சற்றுப் பிழிந்தெடுக்கும்படி செய்திருப்பார்கள். எங்கள் போலி ஆட்டக்காரர்களோ, முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுத்த அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள். சோதனைக்கு வசதியாக இருக்கட்டும் என்று நாங்களே செய்த ஏற்பாடு அது. அவர்களில் ஒருவர்கூடக் கடவுச்சொல்லைத் தட்டவில்லை. நிஜ மனிதர்கள் அத்தனை பேரும் தட்டினார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. போலி ஆட்டக்காரருக்குக் கோபம் வராது. மனிதர், பொத்தான் வேலை செய்யவில்லையென்றால் மறுபடி அழுத்துவார். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம்: லாகின் நொடிக்கு 2,000 பேரைக் கவனிக்கும், வாசலில் 1,00,000 பேர். எல்லாரும் அமைதியாக நின்றால் 50 நொடியில் கூட்டம் தீர்ந்துவிடும். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஆளாளுக்கு அழுத்தினால் நொடிக்கு 20,000 கோரிக்கை. அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். உங்கள் கணினி பத்து நொடி பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். ஆனால் உங்கள் கோரிக்கை சர்வரில் இன்னும் காத்துக்கொண்டிருக்கும். முப்பதாவது நொடியில் சர்வர் அதை எடுத்துச் சிரத்தையாகச் சரிபார்த்துப் பதில் அனுப்பும்போது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இப்படியே சர்வர் நூறு சதவீத உழைப்பையும் போய்விட்டவர்களுக்கே செலவழிக்கும். உள்ளே ஒருவரும் நுழைந்திருக்க மாட்டார்.

எங்கள் கூத்தில் மனிதர் அழுத்தக்கூடத் தேவையிருக்கவில்லை. லாகின் தோற்றால் சரியாக ஐந்து நொடி கழித்துத் தானே மீண்டும் முயலும்படி விளையாட்டை எழுதியிருந்தோம். திரையில் ஓடிய வரைகோடு ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது: ஐந்து நொடிக்கு ஒரு பல், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, ஆளுக்கு ஆள் மாறும்படி கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேர்த்திருக்க வேண்டும். இரண்டு வரி நிரல். ஆனால் அது எங்களிடம் இல்லை, ஆடுபவர்களின் இயந்திரங்களில் இருந்தது. அதை மாற்றப் பேட்ச், அதாவது திருத்திய நிரல், வேண்டும். டிவியில் இணைத்து ஆடும் கன்சோலுக்குப் பேட்ச் வெளியிட அந்தக் கன்சோல் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அன்றிரவு எத்தனை கோடி கொட்டியிருந்தாலும் அந்த இரண்டு வரியை வாங்கியிருக்க முடியாது.

ஆகவே, தயவுசெய்து, பொத்தானை விடாமல் அழுத்தாதீர்கள்.

கடைசிவரிசை: அண்ணா, காத்திருப்பு வரிசையில் 38,000-மாவது ஆளாக நிற்கிறேன். வெளியே போய்த் திரும்பி வந்தால் முன்னால் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. நில்லுங்கள்.

செம்மண்: கூடுதல் சர்வர் போட்டால் தீர்ந்துவிடாதா? இப்போதுதான் கிளவுடில் நிமிடத்தில் வாடகைக்கு எடுக்கலாமே.

ஆட்டம் நடக்கும் சர்வர்களைப் பெருக்குவது சுலபம். பத்துப் பேர் மோதும் ஒரு ஆட்டம் பக்கத்து ஆட்டத்தை அறிய வேண்டியதில்லை. ஆயிரம் இயந்திரம் கூடுதலாகப் போடலாம். அத்தனை பேரும் போய் முட்டும் இடம் வேறு. உங்கள் கணக்கில் என்ன பொருள் இருக்கிறது, எத்தனை நாணயம் இருக்கிறது என்று எழுதி வைக்கும் தரவுத்தளம்தான் அது. ஒரே வாளை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது என்பதால், எழுதும் வேலை ஒரு ஒழுங்கில்தான் நடந்தாக வேண்டும். அதைப் பல துண்டுகளாகப் பிரிக்கலாம்தான். ஆனால் அது விளையாட்டை எழுதத் தொடங்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்ற முடியாது.

2016 ஜூலையில் போக்கிமான் கோ வந்தபோது, எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு வந்தால் அதுதான் உச்சம் என்று கணித்திருந்தார்கள். வந்தது ஐம்பது மடங்கு. மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-ஐ இரண்டு லட்சம் போலிப் பயனர்களை வைத்துச் சோதித்தார்கள். வெளியான அன்று தரவுத்தளத்தின் முன்னால் இருந்த தற்காலிகச் சேமிப்பு அடுக்கு திணறியது. பலருக்கு விளையாட்டு திறப்பதே 97 சதவீதத்தில் நின்றுபோனது. 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என்று வரம்பு வைக்க வேண்டி வந்தது. கூட்டத்தை வரவேற்க வேண்டிய அதன் தலைமை நிர்வாகியே, கையில் காசு குறைவாக இருப்பவரிடம் சர்வர் சரியாகும்வரை பொறுத்து வாங்குமாறு சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இயந்திரமே கிடைக்காமல் போன கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் எண்ட்வாக்கர் என்ற கூடுதல் பாகம் வந்தபோது உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. சர்வர் வாங்கப் பணம் இருந்தது, சர்வர் இல்லை. விளையாட்டின் விற்பனையையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார்கள்.

புதுவரவு: பிழை வருகிறது. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?

வேண்டாம். பழுது அவர்கள் பக்கம். மறுபடி தரவிறக்கினால் நெரிசலில் நீங்களும் ஒரு லாரியை நிறுத்துகிறீர்கள்.

பகலவன்: முன்பதிவு எண்ணிக்கைதான் முன்பே தெரியுமே, பிறகு ஏன்?

முதல் பதில்.

ஒற்றையாள்: நான் தனியாக ஆடுகிறவன். கதையை முடித்துவிட்டுப் போகப் போகிறேன். எனக்கு எதற்குச் சர்வர்? ஒரு பூட்டைப் போட்டுவிட்டு "தொழில்நுட்பக் காரணம்" என்று சொல்கிறார்கள்.

பல நேரங்களில் நீங்கள் சொல்வதுதான் உண்மை. சிம்சிட்டி, 2013 மார்ச். நகரம் கட்டும் விளையாட்டு, ஆனால் எப்போதும் இணையம் வேண்டும் என்றார்கள். சர்வர்கள் விழுந்தன, சுமையைக் குறைக்க, நகரத்தை மிக வேகமாக ஓடவிடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். கணக்கீடுகளில் கணிசமான பகுதி சர்வரில் நடக்கிறது என்று விளக்கமும் தந்தார்கள். இணைப்பைத் துண்டித்தாலும் நகரம் பாட்டுக்கு ஓடுவதை ஒருவர் நிரலைத் திருத்திக் காட்டிவிட்டார். ஓராண்டு கழித்து இணையமில்லாமல் ஆடும் வசதியை நிறுவனமே கொடுத்தது.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டு என்று சொல்ல மாட்டேன். டயாப்லோ 3, 2012 மே 15: "பிழை 37" என்ற வாசகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். அங்கே ஒரு நியாயம் இருந்தது. அதன் முந்தைய பாகத்தில் அரிய பொருள்களை நகலெடுத்துப் பெருக்கி ஆட்டத்தின் வணிகத்தையே நாசமாக்கினார்கள். எண்களை ஆடுபவரின் கணினியில் வைத்தால் அவர் திருத்துவார். சர்வரில் வைத்தால்தான் பாதுகாப்பு.

ஒற்றையாள்: அதே டயாப்லோ 3, 2013-இல் கன்சோலுக்கு வந்தபோது இணையம் இல்லாமலே ஓடியது. அப்போது அந்த நியாயம் எங்கே போனது?

சரியான இடத்தில் அடித்தீர்கள். கன்சோலில் ஏலக்கடை இல்லை. கணினியில் நிஜப் பணத்துக்குப் பொருள் விற்கும் கடை இருந்தது. அதையும் 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அப்படியானால் சர்வர் தேவைப்பட்டது கடைக்குத்தான், கதைக்கு அல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மற்றவரோடு பொருளை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்றால்...

ஒற்றையாள்: யாரும் கேட்கவில்லையே.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை. இரண்டு பாத்திரங்கள் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று தனியாட்டத்துக்கு, கணினியிலேயே, மற்றொன்று கூட்டத்துக்கு, சர்வரில். ஒன்றை மற்றதற்குள் கொண்டுபோக முடியாது. டயாப்லோ 2 அப்படித்தான் இருந்தது. இதைச் செய்யத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை, கூடுதல் வேலை மட்டும்தான்.

கல்வெட்டு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் நாள் விழுவது பெரிதல்ல, கடைசி நாள்தான் பெரிது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் இறுதியில் அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட வண்டி ஓட்ட முடியவில்லை.

குறுக்கீடு இல்லை, இதுதான் மையம். வெளியீட்டு நாளில் உள்ளே போக முடியாத தனியாட்டக்காரர், அந்த விளையாட்டின் இறுதி நாளை ஒத்திகை பார்க்கிறார். வாங்கிய விளையாட்டை அணைக்காதே என்று அந்த மூடலுக்குப் பிறகு தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தது நியாயம்தான். நிறுத்தும்போது தனியாக ஆட ஒரு வழியை விட்டுப் போவதற்கான செலவைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டால் குறைவு, பத்தாண்டு கழித்து யோசித்தால் மலை. என் பழைய சகாக்கள் இதற்காக என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஒற்றையாள்: அப்போது என் பக்கம்தானே நீங்கள்?

முக்கால்வாசி.

அகல்விளக்கு: நேற்று எட்டாம் நிலை வரை போனேன். இன்று ஐந்தாம் நிலையில் நிற்கிறேன். ஏன்?

நீங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஆட்டச் சர்வர் நன்றாக இருந்தது, எழுதி வைக்கும் இடம் பின்தங்கியது. கடைசியாக எழுதப்பட்டது ஐந்தாம் நிலை. நடுவில் சர்வர் விழுந்ததும் எழுதாதவை போயின. ஜிடிஏ ஆன்லைன் 2013 அக்டோபரில் தொடங்கியபோது முழுப் பாத்திரத்தையே இழந்தவர்கள் உண்டு. பிறகு ஐந்து லட்சம் ஆட்ட டாலர் ஈடாகக் கொடுத்தார்கள். வெளியீட்டு வாரத்தில் நிஜப் பணத்துக்கு எதையும் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று முறை சொன்னாலும் சலிக்க மாட்டேன்.

வெள்ளிமீன்: "தாக்குதல் நடந்தது" என்று அறிக்கை விடுகிறார்களே, நம்பலாமா?

சில சமயம் உண்மை. நள்ளிரவில் வரைகோட்டைப் பார்க்கிறவனுக்குத் தாக்குதலும் ஆர்வலர் கூட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் அறையில் ஒரு மணி நேரம் தாக்குதல் என்றே நம்பினோம். ரம்பப் பல்லைப் பார்த்த பிறகுதான் தாக்குவது எங்கள் சொந்த நிரல் என்று புரிந்தது.

மாலைநேரம்: விழுந்த விளையாட்டு எழுந்ததுண்டா?

ஃபைனல் ஃபேண்டஸி 14-ஐச் சொல்லாமல் விட முடியாது. 2010 செப்டம்பரில் வந்தது, படுதோல்வி. டிசம்பரில் நவோகி யோஷிடா அதன் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். பூச்சட்டி ஒன்றை வரைய, ஆடுபவரின் பாத்திரத்தை வரைவதற்கு இணையான நுணுக்கத்தைச் செலவிட்டிருந்தார்கள் என்று அவரே பிறகு விளக்கினார். தெருவில் பத்துச் சட்டிகள் இருந்தால் பத்து மனிதர்கள் நிற்கும் சுமை! பழைய விளையாட்டை ஓட்டிக்கொண்டே புதியதை எழுதினார்கள். 2012 நவம்பரில் பழையதை மூடி, 2013 ஆகஸ்டில் மறுபிறவியாக வெளியிட்டார்கள். அன்றும் சர்வர் நெரிசல்! ஆனால் அந்த நெரிசல் உள்ளே வரத் துடித்தவர்களால் வந்தது.

இதைக் காட்டி எல்லா விளையாட்டும் எழும் என்று வாதிடாதீர்கள். 2024 ஆகஸ்ட் 23-இல் வந்த கான்கார்டு செப்டம்பர் 6-இல் மூடப்பட்டுப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதன் சர்வர்களுக்கு எந்த நோயும் இல்லை. ஆள்தான் வரவில்லை.

தொடுவானம்: கூடுதல் சர்வர் வாங்கினால் என்ன?

மேலே.

நீலமலை: கிளவுட் வந்த பிறகும் சர்வர் பற்றாக்குறையா?

மேலே. செம்மண் கேட்டதற்குக் கீழே. பஸ், சக்கரம்.

கடைசிவரிசை: அண்ணா, மறுபடி நான்தான். வரிசையில் 1 என்று இருபது நிமிடமாக நிற்கிறது. உறைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருந்தவர் இணைப்பு அறுந்து வெளியே விழுந்தால், அவருடைய இடத்தைச் சில நிமிடம் காலியாகவே வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அந்த இடத்துக்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள். எதையும் தொடாதீர்கள்.

கடைசிவரிசை: தொட்டுவிட்டேன். 41,206 என்று காட்டுகிறது.