இரண்டாம் பதிப்புக்குப் பழைய ஐஎஸ்பிஎன் போதுமா?

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் தோட்ட வரலாற்று நூலில் இரண்டு அத்தியாயம் புதிதாகச் சேர்த்திருக்கிறீர்கள். அச்சகக்காரர் பழைய ஐஎஸ்பிஎன்னே (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) போதும் என்கிறார். போதாது. உள்ளடக்கம் இவ்வளவு மாறினால் அது வேறு பதிப்பு, மலேசியத் தேசிய நூலகத்தில் புது எண் வாங்குங்கள். விலையோ அட்டைப் படமோ மட்டும் மாறியிருந்தால் பழையதே போதும். மின்னூலுக்குத் தனி எண்.

அப்புறம், எண்ணைவிட எனக்குப் பெயர்தான் கவலை. ரோமன் எழுத்தில் உங்கள் பெயர் முதல் பதிப்பில் உள்ளபடியே இருக்கட்டும். ஆறுமுகம் என்பதை ஒரு பதிவில் ஒற்றை ‘ஏ’ (Arumugam), இன்னொன்றில் இரட்டை ‘ஏ’ (Aarumugam) போட்டு எழுதினால், நூலகப் பட்டியலில் இரண்டு ஆசிரியராகிவிடலாம். தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். தோட்டத்துக்கு நம் மக்கள் வைத்த தமிழ்ப் பெயரையும் கம்பெனி வைத்த பெயரையும் நூல் விவரத்தில் கட்டாயம் சேருங்கள். பேரப்பிள்ளைகள் எந்தப் பெயரில் தேடுவார்களோ!